பின்பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டிய புரொஜெக்டர்

புரொஜெக்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் லூமென்ஸில் ஆரம்பித்து, கான்ட்ராஸ்ட் வழியாகப் போய், லென்ஸில் முடித்துவிடுகிறார்கள். நான் அரங்க ஆபரேட்டர். படம் எப்படி இருக்கிறது என்பதை எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை வேறு. எங்கள் மெஷின் இருக்கைகளுக்கு நேர் மேலே, கூரையை ஒட்டித் தொங்குகிறது. அதன் பக்கத்தில் போக வேண்டுமென்றால் முதலில் நாற்காலிகளை ஒதுக்கி, பிறகு உயரமான ஏணியைக் கொண்டுவர வேண்டும். நிகழ்ச்சி நடுவே அது ஆகிற காரியமில்லை. எதைச் செருகினாலும் எதை அழுத்தினாலும் எல்லாமே கீழே கன்ட்ரோல் அறையில் இருந்தபடியே நடக்க வேண்டும். ஆகவே இந்த மதிப்பீட்டில் லென்ஸைப் பற்றி ஒரு வரிகூட வராது. பின்பக்கத்தை மட்டும்தான் பேசப் போகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சில இடங்களில் திட்டப் போகிறேன், அதோடு இந்த வகை மெஷின்கள் எல்லாவற்றிலும் பின்பக்க அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய அரங்குகளுக்கான லேசர் புரொஜெக்டர். மாட்யூல் செருக இரண்டு ஸ்லாட். முதல் ஸ்லாட்டில் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட் உள்ள மாட்யூல் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தது. இரண்டாவது வெறும் மூடியோடு வந்தது. இவை தவிர, கழற்ற முடியாதபடி உடம்போடு இருப்பவை: ஓர் எச்டிபேஸ்டி போர்ட், ஒரு லேன் போர்ட், ஆர்எஸ்-232 என்ற சீரியல் கன்ட்ரோல் போர்ட் உள்ளே ஒன்று வெளியே ஒன்று, கம்பி ரிமோட்டுக்கு 3.5 மி.மீ. ஜாக் இரண்டு, சுவிட்ச் இணைக்க ஒரு ஒன்பது பின் போர்ட்.

முதலில் ஸ்லாட். காலி ஸ்லாட்டில், தொழில்முறை கேமராக்கள் படம் அனுப்பும் வழியான எஸ்டிஐக்கு ஒரு மாட்யூல் போட்டோம். மூடியில் இரண்டு ஸ்க்ரூ, கையாலேயே திருகலாம். உள்ளே இரண்டு பக்கமும் வழிகாட்டும் பள்ளம் இருக்கிறது. மாட்யூலை அதில் வைத்துத் தள்ளினால் கடைசியில் கனெக்டர் பிடிக்கும்போது ஓர் இறுக்கம் தெரியும். அந்த இறுக்கம் வராமல் ஸ்க்ரூவைப் போட்டு இழுக்கக் கூடாது. ஸ்க்ரூவின் வேலை மாட்யூலைப் பிடித்து வைப்பதுதான், உள்ளே இழுப்பதல்ல. பள்ளம் நன்றாக அமைந்திருப்பதால் மாட்யூல் கோணலாகப் போக வாய்ப்பே இல்லை. இந்த இடத்தில் வடிவமைத்தவருக்கு ஒரு சபாஷ்.

ஆனால் மாட்யூல் மாற்ற மெஷினை அணைத்தால் மட்டும் போதாது. பவர் கேபிளையே பிடுங்க வேண்டும். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் ஸ்லாட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். லேசர் என்பதால் பழைய விளக்கு மெஷின்கள் அளவுக்குக் குளிரக் காத்திருக்க வேண்டியதில்லை, இருந்தாலும் ஃபேன் நின்ற பிறகு பிடுங்குவதே முறை. கைகளில் இருக்கும் நிலைமின்சாரம் இன்னொரு கவலை. மாட்யூலின் போர்டை விரலால் தொடாமல் முன்தகட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், மணிக்கட்டு பட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு பட்டை கட்டுவது கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு போர்டு போனால் சிரிப்பு வராது.

மின்சாரம் கொடுத்ததும் மெஷின் புது மாட்யூலை அடையாளம் கண்டு, மெனுவில் ‘ஸ்லாட் 2’ என்பதற்கு அடியில் அதன் வகையைக் காட்டுகிறது. தனியாக எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பழைய மெஷின் ஒன்றில் போர்டை மாற்றிவிட்டு சர்வீஸ் மெனு வரை போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததைப் பார்த்தவனுக்கு இது பெரிய நிம்மதி.

என் குறை எங்கே என்றால், இந்த ஸ்லாட் அந்தக் கம்பெனியின் சொந்த அளவு. அவர்கள் விற்கும் மாட்யூலைத் தவிர வேறெதுவும் உட்காராது. சந்தையில் இதற்கு மாற்று இருக்கிறது. இன்டெல் வகுத்த எஸ்டிஎம் என்ற அளவுமுறையில் ஸ்லாட் வைத்தால், அதே அளவில் வேறு கம்பெனி செய்த போர்டும் பொருந்தும். பானசோனிக்கின் பெரிய மாடல்கள் சிலவற்றில் அப்படிப்பட்ட ஸ்லாட் இருக்கிறது. பத்து வருஷம் தொங்கப் போகிற மெஷினுக்கு இது முக்கியம். மெஷின் நன்றாக இருக்கும், அதற்கேற்ற மாட்யூல் மட்டும் உற்பத்தியில் இருக்காது. அந்த நாள் வரும். ஆகவே எந்த மாட்யூல் எப்போதாவது தேவைப்படும் என்று நினைக்கிறீர்களோ, அதை மெஷினோடேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது.

எச்டிஎம்ஐ மாட்யூலில் படம் வரும். லேப்டாப்காரர்கள் வந்து செருகுவார்கள், போவார்கள். தொந்தரவு எல்லாம் இடிஐடியில்தான். ‘எனக்கு இன்னின்ன ரெசல்யூஷன் தெரியும்’ என்று புரொஜெக்டர் லேப்டாப்புக்குச் சொல்லும் ஒரு சின்னத் தகவல் துண்டு அது. அடிப்படைத் தொகுதி 128 பைட், எச்டிஎம்ஐ கருவிகளில் பெரும்பாலும் இன்னொரு 128 கூடும். நடுவே ஸ்ப்ளிட்டரோ ஸ்விட்சரோ வந்தால் இந்தத் தகவல் பாதி வழியில் மாறும், சில சமயம் தொலைந்தே போகும். அப்போது லேப்டாப் பயந்துபோய் 1024×768-க்கு இறங்கிவிடும். இந்த மாட்யூலின் மெனுவில் இடிஐடியை நிலையாகக் கட்டிவைக்கும் வசதி இருக்கிறது. 4கே 60, 4கே 30, 1080பி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எவர் செருகினாலும் மெஷின் அதையே சொல்லும். நாங்கள் ஒரு போர்ட்டை 1080பி-யிலும் இன்னொன்றை 4கே-யிலும் கட்டி வைத்துவிட்டோம். பேச்சாளர்களின் லேப்டாப் முதல் போர்ட்டுக்கு, எங்கள் பிளேயர் இரண்டாவதுக்கு. அதற்குப் பிறகு மேடையிலிருந்து “படம் வரலையே” என்ற குரல் ரொம்பக் குறைந்துவிட்டது.

எச்டிஎம்ஐ பிளக்குக்குப் பூட்டு கிடையாது. இந்த மாட்யூலில் போர்ட்டுக்கு மேலே ஒரு ஸ்க்ரூ துளை வைத்திருக்கிறார்கள். அதில் பொருந்தும் கேபிள் வாங்கினால் பிளக் தொங்கி நழுவாது. தலைகீழாகத் தொங்கும் மெஷினுக்கு இது அலங்காரம் அல்ல. நீளத்தைப் பொறுத்தவரை, 4கே 60-க்கு வேண்டிய 18 கிகாபிட் வேகத்தில் சாதாரண செப்புக் கேபிள் சில மீட்டரிலேயே தடுமாற ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வேண்டும். அதற்குத் திசை உண்டு, ஒரு முனை சோர்ஸுக்கு, மறுமுனை டிஸ்ப்ளேக்கு. குழாய்க்குள் இழுத்து முடித்த பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இழுக்கும் முன் முனையில் இருக்கும் எழுத்தைப் படித்துவிடுங்கள்.

இப்போது எஸ்டிஐ. இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் மொத்த மெஷினிலும் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் இந்த மாட்யூல்தான்.

எஸ்டிஐயில் பேச்சுவார்த்தையே கிடையாது. இடிஐடி இல்லை, காப்பி தடுப்புக்கான கைகுலுக்கல் இல்லை. அனுப்புகிறவர் அனுப்புவார், வாங்குகிறவர் வாங்குவார். பிஎன்சி பிளக்கைச் செருகிக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும், கேபிளைக் காலால் தட்டினாலும் கழலாது. 3ஜி என்றால் நொடிக்கு 2.97 கிகாபிட், 1080பி 60-க்குப் போதும். எங்கள் மாட்யூலில் நான்கு பிஎன்சி. ஒன்று 12ஜி வரை வாங்கும், ஒரே கேபிளில் 4கே 60 வந்துவிடும். அல்லது நான்கு 3ஜி கேபிளையும் சேர்த்து ஒரு 4கே படமாகக் கட்டலாம். கணக்கு ஒன்றுதான், 2.97-ஐ நான்கால் பெருக்கினால் 11.88. நான்கு கேபிள் முறையில் படத்தை வெட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று படத்தை நான்கு கால்பகுதிகளாக வெட்டுவது, இன்னொன்று பிக்சல்களை மாற்றி மாற்றிப் பங்கிடுவது. அனுப்பும் கருவி ஒரு முறையிலும் புரொஜெக்டர் இன்னொரு முறையிலும் இருந்தால் திரையில் நான்கு சின்னப் படங்களோ, விளிம்பெல்லாம் அரித்த மாதிரியான ஒரு படமோ வரும். மெனுவில் தானாகக் கண்டுபிடிக்கும் தேர்வு இருக்கிறது, அது ஒழுங்காகவே வேலை செய்கிறது.

வெளியூர்க் கேமரா குழு வந்த நிகழ்ச்சி ஒன்றில் படம் வெளிறித் தெரிந்தது. கறுப்பு கோட்டு சாம்பலாக இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி, “அண்ணே, லேசர் போயிடுச்சா?” என்று கேட்டான். லேசர் நன்றாகத்தான் இருந்தது. வீடியோவில் கறுப்பை 16-லும் வெள்ளையை 235-லும் வைப்பது ஒரு வழக்கம், கம்ப்யூட்டரில் 0-லிருந்து 255 வரை முழுதாகப் பயன்படுத்துவது இன்னொரு வழக்கம். அனுப்புவது ஒன்றாகவும் வாங்குவது மற்றொன்றாகவும் இருந்தால் படம் வெளிறும், அல்லது இருட்டில் விவரம் அடைந்துபோகும். எஸ்டிஐ மெனுவில் ‘சிக்னல் லெவல்’ என்று ஒரு வரி இருந்தது. அதை மாற்றினோம், கோட்டு கறுப்பானது. இந்த வரியை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருப்பது இந்த மெஷினின் நல்ல குணம்.

கேபிள் 75 ஓம் ஆக இருக்க வேண்டும். பழைய வயர்லெஸ் மைக் ஆன்டெனாவுக்கான 50 ஓம் கேபிளும் அதே பிஎன்சி முனையோடு அலமாரியில் கிடக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 3ஜி நல்ல கேபிளில் நூறு மீட்டர் அளவுக்குச் சுகமாகப் போகும். 12ஜி அப்படி இல்லை, நல்ல ஆர்ஜி-6 வகைக் கேபிளிலேயே எழுபது, எண்பது மீட்டரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். எஸ்டிஐயால் ஆகாத ஒரு காரியமும் உண்டு. காப்பி தடுப்புள்ள படம், அதாவது டிஸ்க் பிளேயரிலிருந்தோ ஸ்ட்ரீமிங் பெட்டியிலிருந்தோ வருவது, இந்த வழியாக வராது. அதற்கு எச்டிஎம்ஐதான்.

எச்டிபேஸ்டி போர்ட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனது. எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகிய நான்கு பேர் 2010-இல் கூட்டாக ஆரம்பித்த அமைப்பின் தயாரிப்பு அது. நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே வீடியோ, ஆடியோ, ஈதர்நெட், கன்ட்ரோல் எல்லாம் நூறு மீட்டர் வரை போகும். கன்ட்ரோல் அறையில் டிரான்ஸ்மிட்டர் பெட்டி ஒன்று, மேலே புரொஜெக்டர், நடுவே ஒரே கேபிள். கேட்க எவ்வளவு அழகு!

போர்ட் பார்க்க லேன் போர்ட் மாதிரியே இருப்பதுதான் முதல் வம்பு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அதே ஆர்ஜே-45. எச்டிபேஸ்டி கேபிளை நெட்வொர்க் ஸ்விட்சில் செருகினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அதில் ஓடுவது ஈதர்நெட் சிக்னலே அல்ல. எங்கள் மெஷினில் இரண்டு போர்ட்டுக்கும் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து. ஏணி உச்சியில், டார்ச் வெளிச்சத்தில், அதுவும் தலைகீழாகத் தொங்கும் பலகையில் அதைப் படிப்பது ஒரு தவம். சிவப்பு டேப் ஒட்டிவிட்டோம். கம்பெனி இதை ஒரு நிறப் பட்டையிலேயே முடித்திருக்கலாம்.

கேபிள் விஷயத்தில் இது கொஞ்சம் செல்லம். ஒவ்வொரு இழையும் ஒற்றைக் கெட்டிக் கம்பியாக உள்ள, ஷீல்டு போட்ட கேபிள் வேண்டும். நடுவே பேட்ச் பேனலும் இணைப்பும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மிச்சக் கேபிளை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டி வைக்கக் கூடாது. பல கேபிள்களைச் சேர்த்து டையால் நெரிக்கவும் கூடாது. எங்களுடைய போர்ட் 10.2 கிகாபிட் தலைமுறையைச் சேர்ந்தது. 4கே 60 முழு நிறத் தகவலோடு, அதாவது 4:4:4-இல், அதில் வராது. 4:2:0-வாகக் குறைத்தால்தான் வரும். சினிமா பார்க்க வித்தியாசம் தெரியாது. எக்செல் பட்டியலில் சிவப்பு எழுத்தைப் பாருங்கள், ஓரம் கலங்கியிருப்பது தெரியும். அதன் பிறகு வந்த 3.0 பதிப்பு 18 கிகாபிட்டைத் தாங்கும். வாங்கும்போது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள், ‘4கே சப்போர்ட்’ என்ற ஒரு வார்த்தையை நம்ப வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கோபம். ஆர்எஸ்-232 கட்டளைகளை எச்டிபேஸ்டி வழியாகவும் அனுப்பலாம், தனி சீரியல் போர்ட் வழியாகவும் அனுப்பலாம். ஆனால் ஒரு சமயத்தில் ஏதாவது ஒன்றுதான். மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். லேனுக்கும் இதே கதை, தனி லேன் போர்ட்டா, எச்டிபேஸ்டிக்குள் வரும் ஈதர்நெட்டா, ஒன்றைச் சொல். இந்தத் தேர்வு மெனுவில் எங்கே இருக்கிறது என்று தேடினால் ‘நெட்வொர்க்’ பக்கத்தில் பாதி, ‘புரொஜெக்டர் அமைப்பு’ பக்கத்தில் பாதி. கையேட்டில் இவை இரண்டும் வேறு வேறு அத்தியாயங்களில் வருகின்றன. ஒரே கேபிளில் படத்தையும் கன்ட்ரோலையும் வைத்தால் அந்தக் கேபிள் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும். படம் போன மெஷினைக் கீழிருந்து அணைக்கவும் முடியாது, இன்புட் மாற்றவும் முடியாது. அதனால் நாங்கள் கன்ட்ரோலை எச்டிபேஸ்டியில் வைக்கவில்லை. தனி லேன் கேபிள் ஒன்று, தனி சீரியல் கேபிள் ஒன்று. குழாய் இழுக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

சரி, ரிமோட்டுக்கு வருவோம்.

கையில் வரும் ரிமோட் சாதாரண இன்ஃப்ராரெட். 38 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் துடிக்கும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அவ்வளவுதான். மேடை விளக்குகளும் புகையும் நேர் வெயிலும் அதற்கு எதிரி. ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் மொபைலின் முன்கேமராவுக்கு எதிரே பிடித்து அழுத்துங்கள், பல மொபைல்களில் நுனியில் ஊதா ஒளி மினுங்குவது தெரியும். மெஷினில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு சென்சார்கள். அவற்றைத் தனித்தனியாக அணைத்து வைக்கலாம். எங்கள் அரங்கில் பக்கத்துத் திரைக்கு இன்னொரு புரொஜெக்டர், அதே மாடல். கூட்டத்தில் ‘தம்பி’ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அது மாதிரி ஒரு பொத்தானுக்கு இரண்டு மெஷினும் பதில் சொல்லும். அதற்குத்தான் ஐடி எண். மெனுவில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் எண் கொடுத்து, ரிமோட்டில் ஐடி பொத்தானை அழுத்தி அந்த எண்ணைத் தட்டினால் அது மட்டும் கேட்கும். எண்ணை மறந்துவிட்டால் ‘ஆல்’ என்ற பொத்தான் காப்பாற்றும். இதெல்லாம் நன்றாக இருக்கிறது.

ஆனால் நான் தினமும் பயன்படுத்துவது கம்பியை. ரிமோட்டின் அடியில் ஒரு 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறது. அதிலிருந்து புரொஜெக்டரின் ‘ரிமோட் இன்’ ஜாக்குக்கு மூன்று துருவ ஸ்டீரியோ பிளக் கொண்ட, ஷீல்டு போட்ட கேபிள். இரண்டு துருவ மோனோ பிளக்கைப் போட்டால் வேலை செய்யாது. கம்பியைச் செருகியதும் ரிமோட்டின் இன்ஃப்ராரெட் தானாக நின்றுவிடும். விளக்கு, புகை, கோணம் எதுவும் இனிப் பொருட்டில்லை. ‘ரிமோட் அவுட்’ ஜாக்கிலிருந்து அடுத்த மெஷினுக்கு இன்னொரு கேபிள் கொடுத்தால் ஒரே ரிமோட்டில் இரண்டையும் ஐடி எண் வைத்து ஓட்டலாம். பேட்டரியும் நிகழ்ச்சி நடுவே சாகாது. இவ்வளவு மலிவான, இவ்வளவு உறுதியான ஒரு வழியைப் பற்றி விளம்பரத் தாளில் ஒரு வரியும் இல்லை. எனக்கு ஆச்சரியம்.

ஒன்பது பின் சுவிட்ச் போர்ட் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். குறிப்பிட்ட பின்னை கிரவுண்டோடு தொட்டால் பவர், ஷட்டர், இன்புட் எல்லாம் மாறும். சுவரில் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்தே இயக்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு இயக்கத்தில் இருக்கும்வரை ரிமோட்டிலோ மெஷினின் பொத்தானிலோ பவரைத் தொட முடியாது. யாரோ சுவர் சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டு, “ரிமோட் கெட்டுப்போச்சு” என்று வருவார்கள். கையேடு இதைச் சொல்கிறது, அடிக்குறிப்பில்.

ஆர்எஸ்-232 பழசு. 1960-இல் வந்த தரம். அது இன்னும் புரொஜெக்டர் பின்னால் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. ஐபி முகவரி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், அப்டேட் வேண்டாம். இரண்டாம் பின், மூன்றாம் பின், ஐந்தாம் பின், மூன்று கம்பி போதும். நேர் கேபிளா குறுக்குக் கேபிளா என்பதுதான் ஒரே சிக்கல். ஒரு பக்கம் அனுப்புவது மறுபக்கம் வாங்குவதோடு சேர வேண்டும், சேரவில்லை என்றால் இரண்டும் மூன்றும் இடம் மாற வேண்டும். கேபிளைச் சோதிக்க ஒரு எளிய வழி: தூர முனையில் இரண்டையும் மூன்றையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்து தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கேபிளும் போர்ட்டும் சரி, குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். இந்த மெஷினில் வேகம் 9600-இல் இருக்கிறது, மெனுவில் 38400 வரை மாற்றலாம். நாங்கள் மாற்றவில்லை. பவர் ஆன் என்று சொல்ல 9600 போதாதா?

தூரம்தான் இதன் பலவீனம். வழக்கமாகச் சொல்லும் எல்லை 15 மீட்டர். குறைந்த வேகத்தில் நல்ல கேபிளில் அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. எங்கள் கன்ட்ரோல் அறை அதைவிட ரொம்பத் தள்ளி இருப்பதால் இரு முனையிலும் ஆர்எஸ்-422 ஆக மாற்றும் பெட்டி வைத்தோம். அது இரட்டைக் கம்பியில் எதிரெதிராக அனுப்புவதால் இரைச்சலைத் தாங்கும், குறைந்த வேகத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேலும் போகும். ‘சீரியல் அவுட்’ போர்ட்டிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தொடர் கொடுத்தால் கட்டளைக்குள்ளேயே ஐடி எண்ணை வைத்து எந்த மெஷின் என்று சொல்லலாம்.

நெட்வொர்க் பக்கம் பிஜேலிங்க் இருக்கிறது. ஜப்பானின் வணிக இயந்திரத் துறைச் சங்கமான ஜேபிஎம்ஐஏ வகுத்த பொது மொழி. கம்பெனி எதுவானாலும் அதே கட்டளை, டிசிபி போர்ட் 4352. பவரைக் கேட்டால் 0 என்றால் ஸ்டாண்ட்பை, 1 என்றால் ஓடுகிறது, 2 குளிர்கிறது, 3 சூடாகிறது. இதை வைத்து எங்கள் தம்பி ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, கன்ட்ரோல் அறை டேப்லெட்டில் நான்கு பொத்தான் போட்டிருக்கிறான். முதலில் ஆன் அழுத்தியதும் உடனே இன்புட் கட்டளையும் அனுப்பினான், மெஷின் பிழை 3 என்று திருப்பியது. இப்போது முடியாது என்று அர்த்தம். பவர் நிலை 3-லிருந்து 1 ஆகும்வரை கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு இன்புட் அனுப்பும்படி எழுதியதும் சரியாயிற்று. இரண்டாம் வகுப்பு பிஜேலிங்க் இதில் இருப்பதால் ஒவ்வொரு இன்புட்டின் பெயரையும் மெஷினிடமே கேட்டு வாங்கலாம். மாட்யூலை மாற்றினால் இன்புட் பட்டியலும் மாறும் அல்லவா, அப்போது இது ரொம்ப உதவி. முதல் வகுப்பு மட்டும் உள்ள மெஷினில் கையேட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணையைத் தேடி, எந்த ஸ்லாட்டுக்கு எந்த எண் என்று பார்த்து எழுத வேண்டும்.

பெரிய குறையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பெட்டியிலிருந்து வரும்போது ஸ்டாண்ட்பை முறை ‘ஈகோ’வில் இருக்கிறது. அந்த முறையில் லேன் போர்ட் தூங்கிவிடும். நெட்வொர்க்கில் அணைத்தால் அணையும், மறுபடி ஆன் சொன்னால் காது கேட்காது. ஐரோப்பிய ஒன்றிய விதி ஸ்டாண்ட்பையில் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது, தொழிற்சாலையில் இப்படி வைத்து அனுப்ப அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், புரிகிறது. ஆனால் முதல் முறை ஆன் செய்யும்போது வரும் அமைப்புத் திரையில் மொழி கேட்கிறார்கள், கூரையா மேசையா என்று கேட்கிறார்கள், நேரம் கேட்கிறார்கள், “நெட்வொர்க்கில் இயக்கப் போகிறீர்களா” என்று மட்டும் கேட்கவில்லை. சர்வீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால், “சார், லேன் கேபிளை மாத்திப் பாருங்க” என்றார்கள். கேபிளில் ஒன்றுமில்லை. ஸ்டாண்ட்பையை ‘நெட்வொர்க்’ என்று மாற்றியதும் முடிந்தது விஷயம். எந்தக் கம்பெனி மெஷின் வாங்கினாலும் கூரையில் ஏற்றும் முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

வெப் பக்கத்துக்கு எளிய கடவுச்சொல்லோடு வருகிறது, அதையும் தரையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். விருந்தினர் வைஃபை இருக்கும் நெட்வொர்க்கில் புரொஜெக்டரை வைக்காதீர்கள், தனியாகப் பிரித்து வையுங்கள். மேடை விளக்குகளை நெட்வொர்க் வழியாக இயக்கும் ஆர்ட்-நெட் முறையும் இருக்கிறது, விளக்கு மேசையிலிருந்தே ஷட்டரை மூடித் திறக்கலாம். நாடகக் குழுக்களுக்கு அது பிடிக்கும், நாங்கள் ஒரு சேனல் மட்டும் கொடுத்து நிறுத்திக்கொண்டோம்.

யாருக்கு இது? ஒரு லேப்டாப், ஒரு திரை, கைக்கு எட்டும் உயரத்தில் மெஷின் என்றால் ஸ்லாட்டுக்குக் கொடுக்கும் காசு வீண், நிலையான போர்ட் உள்ள மெஷின் போதும். கேமரா குழு, பேச்சாளர், நாடகம் என்று வாரத்துக்கு ஒரு மாதிரி ஆட்கள் வந்துபோகும் அரங்கு என்றால் வாங்கலாம். எஸ்டிஐ மாட்யூலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், எச்டிஎம்ஐ மாட்யூலுக்கு நான்கு, கம்பி ரிமோட்டுக்கும் சீரியலுக்கும் ஐந்து, எச்டிபேஸ்டிக்கு மூன்று, மெனுவுக்கும் கையேட்டுக்கும் இரண்டு. அந்த இரண்டும்கூட, அடிக்குறிப்புகளில் இருப்பது எல்லாம் சரியாக இருந்ததற்காக.